காஸ் மீற்றரோடு ஒரு குளிர்காலம்

2022ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் திகதி இரவு லண்டனில் வெண்பனி கொட்டியது. மறுநாட் காலை வாசலில் கிடந்த பனியைச் சவளால் தள்ளிவிட்டு உள்ளே வந்த நான், படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சிறிய அலுமாரியைத் திறந்து, இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு முதல் தடவையாகக் காஸ் மீற்றரை நின்று பார்த்தேன். அதுவரை அது, நிறுவனம் கேட்கும்போது படம் எடுத்து அனுப்புவதற்கான ஒரு பெட்டி மட்டுமே. அந்த ஒக்ரோபரில் அரசு விலைக்கு ஓர் எல்லை வகுத்த பின்னரும், மின்சாரம் யூனிற் ஒன்றுக்கு ஏறத்தாழ 34 பென்ஸ் என்றும் காஸ் யூனிற் ஒன்றுக்கு 10.3 பென்ஸ் என்றும் ஏறியிருந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு மாதங்களாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட 400 பவுண் உதவித்தொகை கைக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

மீற்றர் காட்டுவது கன மீற்றர்; பில்லில் வருவதோ கிலோவாற் மணி, அதாவது நாங்கள் யூனிற் என்று சொல்வது. ஒரு கன மீற்றர் காஸ் எரிந்தால் ஏறத்தாழ 11 யூனிற் வெப்பம் கிடைக்கும். ஆகவே அந்த மாதத்து விலையில், மீற்றரின் கறுப்பு இலக்கம் ஒன்று நகர்ந்தால் ஒரு பவுணுக்கு மேல் போய்விட்டது என்று பொருள். அன்று காலைக்கும் அடுத்த நாட் காலைக்கும் இடையில் அந்த இலக்கம் ஒன்பது தடவை நகர்ந்திருந்தது. பத்துப் பவுண், ஒரே நாளில், சுவர்களின் வழியாகவும் யன்னல்களின் வழியாகவும் தெருவுக்குப் போயிருந்தது.

எங்கள் வீட்டில் விளக்கை அணைப்பது ஓர் அனுட்டானம். அறையை விட்டு வெளியேறும் பிள்ளை விளக்கை அணைக்க மறந்தால் மூன்று பேர் ஒரே நேரத்தில் சத்தம் போடுவோம். அன்று மேசையில் இருந்து கணக்குப் போட்டபோது எனக்குச் சிறிது வெட்கமாகவே இருந்தது. 9 வாற் எல்.இ.டி. விளக்கொன்று பத்து மணி நேரம் வீணாக எரிந்தாலும் 0.09 யூனிற்தான், அன்றைய விலையில் மூன்று பென்ஸ். கைத்தொலைபேசியின் சார்ஜரைச் சுவரில் செருகியபடி விட்டால் அதைவிடக் குறைவு. விளக்கை அணைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குளிர்காலத்தில் இந்த நாட்டு வீடொன்றில் செலவு என்பது பெரும்பாலும் வெப்பந்தான்: அறைகளைச் சூடாக்கும் வெப்பம், குளிக்கும் நீரின் வெப்பம். மற்றவை எல்லாம் அதற்குப் பக்கத்தில் சில்லறை. அந்த ஆண்டு நாளிதழ்களில் வந்த சேமிப்பு ஆலோசனைகள் பலவும் சில்லறையைப் பற்றியே பேசின என்பது என் மனக்குறை.

ஆகவே முதலில் கைவைத்தது, காஸை எரித்து வீட்டுக்கு வேண்டிய நீரைச் சுடவைக்கும் பொயிலரில். எங்களுடையது கொம்பி பொயிலர். தண்ணீர்த் தாங்கி இல்லாமல், குழாயைத் திறக்கும்போது அப்போதைக்கப்போது சுடவைத்துத் தருவது. அதன் முகப்பில் இரண்டு திருகுகள் இருக்கும். குழாய்ப் படம் போட்டது குளிக்கும் நீருக்கு. ரேடியேற்றர் படம் போட்டது, அறைகளில் இருக்கும் ரேடியேற்றர் என்ற உலோகத் தகடுகளுக்குள் ஓடி வீட்டைச் சூடாக்கும் நீருக்கு. பொருத்திக் கொடுத்தவர் இரண்டாவதை 80 பாகை செல்சியசில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நாங்களும் பொயிலரின் திருகைத் தொட்டால் ஏதாவது வெடித்துவிடும் என்ற பயத்தில் பல ஆண்டுகள் தொடவில்லை.

இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டிலிருந்து புதிதாகப் பொருத்தப்படும் காஸ் பொயிலர்கள், மிகச் சில விலக்குகள் தவிர, ஒடுக்கு வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பது விதி. காஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. அந்த நீராவியை வெளியே விடாமல் மறுபடி நீராக ஒடுக்கினால், அதற்குள் ஒளிந்திருக்கும் வெப்பமும் எங்களுக்கே கிடைக்கும். ஆனால் அது நடப்பதற்கு, ரேடியேற்றர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். 80 பாகையில் அனுப்பிய நீர் அறுபதுக்கு மேலே திரும்பி வரும்போது நீராவி ஒடுங்குவதில்லை. அப்படியே புகைக்குழாயால் போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய நல்ல பொயிலரைப் பழைய பொயிலர் போலவே ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பதுதான் இதன் கருத்து.

திருகை 60 பாகைக்குக் குறைத்தேன். இரண்டு வாரங்களின் பின்னர் 55க்கு. இப்படிச் செய்தால் ரேடியேற்றர் கையைச் சுடாது, இளஞ்சூடாகவே இருக்கும். அறை சூடாக முன்னரைவிட நேரம் எடுக்கும். அதனால் காலை ஆறரைக்குத் தொடங்கிய பொயிலரை ஆறு மணிக்கே தொடங்கும்படி மாற்ற வேண்டியிருந்தது. கடும் உறைபனி நாட்களில் வீடு போதியளவு சூடாகவில்லை என்றால் மறுபடி சற்று ஏற்றிக்கொள்ளலாம். திருகு அங்கேயேதான் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வடிகாலுக்குள் இறங்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாயில் இப்போது நீர் விடாமல் வடிகிறது. நீராவி ஒடுங்குகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தக் குழாய் கடுங்குளிரில் உறைந்துபோனால் பொயிலரே நின்றுவிடும். அப்படி நின்ற ஒரு காலையில், வெதுவெதுப்பான நீரை மெதுவாகக் குழாயின் மேல் ஊற்றியதும் பனிக்கட்டி இளகி, பொயிலர் மறுபடி வேலை செய்தது. கொதிநீரை ஊற்றக் கூடாது, குழாய் வெடிக்கும்.

தண்ணீர்த் தாங்கி உள்ள வீடுகளில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தாங்கியில் சேமித்து வைக்கும் நீரை 60 பாகைக்குக் கீழே வைத்தால் லீஜியனெல்லா என்ற நோய்க்கிருமி வளர இடமுண்டு. ஆகவே அங்கே தாங்கியின் சூட்டில் கைவைக்க வேண்டாம்; கொம்பியில் மட்டுமே திருகை இவ்வளவு சுதந்திரமாகத் திருப்பலாம்.

அடுத்தது, வீடு எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்று பொயிலருக்குச் சொல்லும் தேர்மோஸ்ரற். இதைப் பற்றி எங்கள் ஆட்களின் கலியாண வீடுகளில் நடக்கும் விவாதம் ஒன்று உண்டு: பொயிலரை இரவு பகலாகக் குறைந்த சூட்டில் விட்டு வைப்பதுதான் சிக்கனம், அணைத்து அணைத்துப் போட்டால் வீட்டை மறுபடி சூடாக்கத்தான் கூடச் செலவு என்பது ஒரு கட்சி. நானும் நெடுங்காலம் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். ஓட்டை வாளி ஒன்றை நினைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். வாளியில் நீர்மட்டம் எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாக ஓட்டையால் நீர் ஒழுகும். நாள் முழுவதும் வாளியை நிரப்பியபடியே வைத்திருப்பவர், தேவைப்படும்போது மட்டும் நிரப்புகிறவரைவிட அதிக நீரைத்தான் இழப்பார். வீடும் அப்படியே. உள்ளே 21 பாகை, வெளியே சராசரியாக 5 பாகை என்றால் வித்தியாசம் 16. தேர்மோஸ்ரற்றை ஒரு பாகை குறைத்தால் ஒழுகும் வெப்பத்தில் பதினாறில் ஒரு பங்கு மிச்சம், அதாவது நூற்றுக்கு ஆறு அளவில். பொயிலருக்குப் பதிலாக, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தந்து குறைந்த சூட்டில் மெதுவாக ஓடும் வெப்பப் பம்பி பொருத்திய வீடுகளுக்குக் கணக்கு வேறு. எங்கள் தெருவில் எல்லாம் காஸ்தான்.

இந்த இடத்தில் அம்மா குறுக்கிட்டார். யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியற்காலையில் கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தக் குளிருக்கே காதை மூடிச் சால்வை கட்டியவர் அவர். நான் 21ஐ 19 ஆக்கிய அன்று பின்னேரம் ரேடியேற்றரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உது பழுதாப் போச்சு, ஆரையேன் கூப்பிட்டுக் காட்டு" என்றார். அவருடைய முறைப்பாட்டில் நியாயம் இருந்தது. குளிரான நாடுகளில் வீட்டு வெப்பநிலை குறைந்தது 18 பாகையாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. முதியவர்கள், கைக்குழந்தைகள், நோயாளர்கள் இருக்கும் வீடுகளில் அதைவிடக் கூடவும் தேவைப்படலாம். நாள் முழுவதும் கதிரையில் இருக்கும் 78 வயதுப் பெண்ணுக்கு, வேலைக்கு ஓடித்திரியும் மகனின் 19 பாகை போதாது. சேமிப்பு என்ற பெயரில் தாயை நடுங்கவிடுவது சேமிப்பாகாது.

ஆகவே வீடு முழுவதையும் ஒரே சூட்டில் வைக்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். ஒவ்வொரு ரேடியேற்றரின் பக்கத்திலும் 1 முதல் 5 வரை இலக்கமிட்ட திருகு ஒன்று இருக்கும். அது வெறும் குழாய் வால்வு அல்ல. அறையின் சூட்டை உணர்ந்து தானாகத் திறந்து மூடுவது. அம்மாவின் அறையில் அதை 4க்கு ஏற்றிவிட்டு, படுக்கையறைகளில் 2க்கு இறக்கினோம். அவருடைய கட்டிலில் மின்போர்வை ஒன்றும் விரித்தோம். அது 100 வாற் அளவில்தான் இழுக்கும். படுக்கப் போவதற்கு முன்னர் ஒரு மணி நேரம் போட்டால் 0.1 யூனிற், மூன்று நான்கு பென்ஸ். அறையைச் சூடாக்குவதற்கும் ஆளைச் சூடாக்குவதற்கும் இடையில் உள்ள விலை வித்தியாசம் இவ்வளவு பெரிது என்பதை அதுவரை நான் யோசித்துப் பார்த்ததில்லை. வெந்நீர்ப் போத்தலும் அதே இனந்தான்: ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்க வைக்க ஆறு பென்ஸ் அளவில் ஆனது.

மின் ஹீற்றர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் கடைகளில் அவை அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எண்ணெய் நிரப்பியது சிக்கனம், பீங்கான் வைத்தது அதைவிடச் சிக்கனம் என்று ஆளுக்கொரு கதை. இழுத்த மின்சாரம் முழுவதையும் வெப்பமாக்குவதில் இவற்றுக்கிடையே வேறுபாடே இல்லை. இருபது பவுண் ஹீற்றரும் இருநூறு பவுண் ஹீற்றரும் ஒரு யூனிற்றுக்கு ஒரே அளவு வெப்பத்தைத்தான் தரும். எண்ணெய் உள்ளது அணைத்த பின்னும் சிறிது நேரம் சூடாக இருக்கும், அவ்வளவுதான். 2 கிலோவாற் ஹீற்றர் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் அன்றைய விலையில் 68 பென்ஸ். மின்சாரம் அன்று காஸைப் போல மூன்று மடங்குக்கு மேல் விலை. ஒருவர் ஒரு சிறிய அறையில் ஒரு மணி நேரம் வேலை செய்வதற்கு, வீடு முழுவதற்கும் பொயிலரைப் போடுவதைவிட அது இலாபமாக இருக்கலாம். மூன்று அறைகளில் மூன்று ஹீற்றர் ஓடுகிற வீட்டில் நிச்சயமாக நட்டம். கரியடுப்பையோ காஸ் அடுப்பையோ அறையைச் சூடாக்கப் பயன்படுத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவற்றிலிருந்து வரும், மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும்.

வாளியில் ஊற்றும் நீரைக் குறைத்தாயிற்று, இனி ஓட்டை. எங்களுடையது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட வரிசை வீடு. அந்தக் காலத்துச் சுவர் ஒரே தடிப்பான செங்கற் சுவர். பிற்காலத்து வீடுகளைப் போல இரட்டைச் சுவராகக் கட்டி நடுவில் இடைவெளி விட்டது அல்ல. இரட்டைச் சுவர் என்றால் இடைவெளிக்குள் காப்புப் பொருளை ஊதி நிரப்பலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. சுவருக்கு உள்ளேயோ வெளியேயோ காப்புப் பலகை அடிக்க ஆயிரக்கணக்கில் செலவாகும். சுவரை விட்டுவிட்டு, காற்று நுழையும் வழிகளைத் தேடினேன்.

தேடுவதற்கு உதவியது சாமியறையிலிருந்து எடுத்த ஊதுபத்தி. காற்றடிக்கும் ஒரு பின்னேரம், யன்னல்களையும் கதவுகளையும் பூட்டிவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் பிடித்தபடி வீட்டைச் சுற்றி வந்தேன். நேராக எழும் புகை எங்கே கலைந்து சாய்கிறதோ அங்கே காற்று வருகிறது. அம்மா இதை ஏதோ கண்ணூறு கழிக்கிற காரியம் என்று நினைத்து மரியாதையாக எழுந்து நின்றார். முன்கதவின் தபால் துவாரத்தில் புகை கிடையாக ஓடியது. கதவுக்கும் வாசற்படிக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி. மரத்தரைப் பலகைகளுக்கு இடையில் புகை மேல்நோக்கிச் சீறியது. முன்னறையின் பழைய கணப்படுப்புக்கு முன்னால் பிடித்தபோது, புகை முழுவதையும் புகைபோக்கி ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நிலக்கரி எரித்த குழி அது. நாங்கள் அதன் முன்னால் பூச்சாடி வைத்து அழகு பார்த்திருந்தோம். இரவு பகலாகச் சூடான காற்று அதன் வழியே கூரைக்கு மேலே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

புகைபோக்கிக்குள் வைத்து ஊதுகிற பலூன் ஒன்று விற்கிறார்கள். முப்பது பவுண் கூட ஆகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் செலவழித்த காசில் மிகவும் பயன்பட்டது அதுதான் என்று நினைக்கிறேன். ஊதியிருப்பது தெரியாமல் யாராவது அடுப்பை மூட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சிவப்பு நாடா ஒன்று கீழே தொங்கும்படி கட்டியிருக்கிறேன். தபால் துவாரத்துக்குத் தூரிகை வைத்த சட்டம் ஒன்று, கதவு நிலைகளுக்கு ஒட்டுகிற இறப்பர் பட்டி. இவை எல்லாம் ஒரு சனிக்கிழமை வேலை. கதவடிக்கு, கிழிந்த பருத்திச் சேலை ஒன்றை நீளமான உறையாகத் தைத்து, பழைய துணிகளை அடைத்து, தலையணைப் பாம்பு போல அம்மாவே செய்து தந்தார். ரேடியேற்றர் பழுதென்று சொன்னவர், வீட்டுக்குள் காற்று வரும் இடத்தைக் கண்ணால் கண்ட பின்னர் இந்த முயற்சியில் என்னைவிடத் தீவிரமாகிவிட்டார்.

ஆனால் எல்லா ஓட்டையையும் அடைக்கக் கூடாது. வெளிச்சுவரில் நிலமட்டத்துக்குச் சற்று மேலே துளையுள்ள செங்கற்கள் இருந்தால், அவை மரத்தரைக்குக் கீழே காற்றோட்டம் விடுவதற்காக வைத்தவை. அவற்றை அடைத்தால் தரைமரம் உக்கிவிடும். யன்னலின் மேற்சட்டத்தில் இருக்கும் சிறு காற்றுத் துவாரங்களும், குளியலறை, குசினி விசிறிகளும் அப்படியே. காஸ் எரியும் வீட்டில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கை மணி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒற்றைக் கண்ணாடி போட்ட பின்யன்னல் ஒன்றுக்கு மெல்லிய பிளாஸ்ரிக் படலத்தைச் சட்டத்தில் ஒட்டி, தலைமயிர் உலர்த்தியால் சூடு காட்டி இழுத்து விறைக்கச் செய்தேன். பார்ப்பதற்கு அழகில்லை, ஆனால் கண்ணாடிக்கும் படலத்துக்கும் இடையில் அடைபட்ட காற்று நல்ல காப்பு. திரைச்சீலைகள் ரேடியேற்றரின் மேல் விழுந்து மூடாதபடி யன்னற்படி அளவுக்கு வெட்டித் தைத்தோம். இல்லாவிட்டால் சூடான காற்று திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஏறி வெளியே போய்விடும். பரணில் ஏற்கெனவே இருந்த கம்பளிக் காப்பு 100 மில்லிமீற்றர் அளவில்தான் இருந்தது. இங்கே பரிந்துரைப்பது 270. இரண்டாவது அடுக்கைக் குறுக்காக விரித்ததைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை, உடம்பு கடித்தது என்பதைத் தவிர.

நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். முந்திய ஆண்டு, ஆட்கள் இல்லாத பின்னறையின் ரேடியேற்றரை முற்றாக மூடிவிட்டு, அந்த அறையையே உடுப்புக் காயப்போடும் இடமாக்கியிருந்தேன். இரட்டைச் சேமிப்பு என்று பெருமையும் பட்டேன். தை மாத முடிவில் அலுமாரியை நகர்த்தியபோது சுவர் முழுவதும் கறுப்பாகப் பூஞ்சணம். சலவை இயந்திரத்திலிருந்து எடுத்த ஒரு தொகுதி உடுப்பில் இரண்டு லீற்றர் அளவு தண்ணீர் இருக்கும். அது மாயமாகப் போவதில்லை. காற்றில் ஏறி, வீட்டில் எது அதிகம் குளிர்ந்த பரப்போ அதன்மேல் போய் மறுபடி நீராகிறது. சூடாக்காத அறையின் வெளிச்சுவரைவிடக் குளிர்ந்த பரப்பு எது? அதுமட்டுமல்ல, அந்த இரண்டு லீற்றரை ஆவியாக்குவதற்கு ஒன்றேகால் யூனிற்றுக்கு மேல் வெப்பம் தேவை. அதை அந்த உடுப்பு வீட்டுக் காற்றிலிருந்துதான் உறிஞ்சுகிறது. இலவசமாகக் காய்கிறது என்று நாங்கள் நினைப்பது இலவசமல்ல.

இப்போது அந்த அறையின் திருகு 2இல் இருக்கிறது. அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கையளவு இடைவெளி விட்டிருக்கிறோம். உடுப்பை 1400 சுற்று வேகத்தில் பிழிந்து எடுக்கிறோம். இயந்திரம் பிழிந்து தள்ளும் ஒவ்வொரு துளியும் வெப்பத்தால் உலர்த்த வேண்டியிராத துளி. காயப்போடும் அறைக் கதவைப் பூட்டி, 200 வாற் அளவில் இழுக்கும் ஈரம் உறிஞ்சி ஒன்றை ஓடவிடுகிறோம். அது உறிஞ்சிய நீராவியை நீராக்கும்போது அந்த வெப்பம் அறைக்கே திரும்பி வருகிறது. காலையில் தொட்டியில் நிறைந்திருக்கும் நீரைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோசமும் உண்டு.

குசினியிலும் இதே ஈரப் பிரச்சினைதான், எங்கள் சமையலில் அது இன்னும் கூட. பிட்டு அவிப்பதும் இடியப்பம் அவிப்பதும் நீராவியால் ஆன காரியங்கள். ஒரு பின்னேரச் சமையலுக்குப் பிறகு குசினி யன்னலில் நீர் கோடு கோடாக வழியும். அவிக்கும்போது கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டு, முடிந்ததும் யன்னலைப் பத்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடிவிட வேண்டும். அதனால் வெளியேறுவது காற்றின் வெப்பம் மட்டுமே, சுவரின் வெப்பம் அப்படியே இருக்கும். யன்னலை நாள் முழுவதும் நீக்கலாக விடுவதுதான் வீண். கடலை, பயறு, கௌபி போன்றவற்றை இரவே ஊறப்போட்டுப் பிறஷர் குக்கரில் அவிப்பது காஸையும் குறைக்கிறது, குசினிக்குள் விடும் ஆவியையும் குறைக்கிறது. இதை எங்கள் பாட்டிமாருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியாகக் குளிப்பு. இதில்தான் வீட்டில் உண்மையான சண்டை நடந்தது. கொம்பி பொயிலரின் சவர் நிமிடத்துக்கு 9 லீற்றர் அளவில் ஊற்றுகிறது. பத்து நிமிடக் குளிப்புக்கு 90 லீற்றர். குளிர்காலத்தில் குழாயில் வரும் நீர் 10 பாகைக்கு அண்மையில் இருக்கும். அதை 40 பாகைக்கு ஏற்ற மூன்று யூனிற்றுக்கு மேல் வேண்டும். வாளியில் 20 லீற்றர் பிடித்து வார்த்துக் குளித்தால் முக்கால் யூனிற்றும் ஆகாது. நான்கு மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம். ஊரில் கிணற்றடியில் வாளியால் அள்ளி வார்த்து வளர்ந்த எனக்கும் அம்மாவுக்கும் இது பழக்கத்துக்குத் திரும்புவதுதான். பிள்ளைகளுக்கோ அது ஒரு தண்டனை. இந்த நாட்டுக் குளியலறையில் வாளிக் குளிப்பில் ஒரு குறை இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: ஒரு வார்ப்புக்கும் அடுத்த வார்ப்புக்கும் இடையில் முதுகு விறைக்கிறது. முடிவில், நிமிடத்துக்கு 6 லீற்றர் மட்டும் விடுகிற சவர்த் தலையைப் பொருத்தி, ஐந்து நிமிடம் என்று உடன்பாட்டுக்கு வந்தோம். உடன்பாடு என்றால், மூத்த மகள் ஏழு நிமிடம் நிற்பதை நான் கேட்காதது போல இருக்கிறேன். மின்சாரத்தில் நீரைச் சுடவைக்கும் சவர் உள்ள வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் கசக்கும். 9 கிலோவாற் சவர் பத்து நிமிடத்தில் ஒன்றரை யூனிற் இழுக்கும், அது அன்றைய விலையில் ஒருவருக்கு 51 பென்ஸ்.

மீற்றரை அந்தக் குளிர்காலம் முழுவதும் காலை ஏழு மணிக்கு எழுதி வந்தேன். கலண்டரின் ஒவ்வொரு நாட் கட்டத்திலும் ஓர் இலக்கம், பக்கத்தில் வெளியே எத்தனை பாகை என்பது. எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல அந்தக் குறிப்புப் போதாது, ஏனென்றால் பலவற்றை ஒரே மாதத்தில் செய்தோம். ஆனால் பலூன் வைப்பதற்கு முன்னரும் பின்னரும் வந்த, ஒரே அளவு குளிரான நாட்களை ஒப்பிட்டால் ஒன்பதாக இருந்தது ஏழாகவும் சில நாட்களில் ஆறாகவும் இறங்கியிருக்கிறது. அந்தக் கலண்டர் இன்னும் மீற்றர் அலுமாரியின் கதவில்தான் தொங்குகிறது.

மரத்தரையின் இடைவெளிகளை மட்டும் இன்னும் அடைக்கவில்லை. கார்பெற்றைத் தூக்கி, பலகைகளுக்கு இடையில் நெகிழ்ந்து கொடுக்கும் நிரப்பியை நிரப்ப வேண்டும். அதற்கு முன்னறைச் சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். கார்த்திகைக்கு முன்னர் முடித்துவிடுவதாக இரண்டு வருடங்களாகச் சொல்லிவருகிறேன். அதுவரை அம்மா தன் கதிரைக்குக் கீழே தடித்த பாய் ஒன்றை விரித்து, அதன்மேல் காலை வைத்துக்கொண்டிருக்கிறார்.